லூபஸ் நோயும் மருந்துச் சோதனையும்

நோய் என்று வந்துவிட்டால் நம்மவர் இரண்டு கதவுகளைத் தட்டுவது வழக்கம். ஒன்று கோயிற் கதவு. மற்றொன்று வைத்தியசாலைக் கதவு. இவ்விரண்டுக்கும் பகை இருக்க வேண்டுவதில்லை. ஆனால் மூன்றாவது கதவு ஒன்றும் உண்டு. அதனை நாம் தேடிச் சென்று தட்டுவது அரிது, அதற்குரியவர்களே நம்மிடம் வந்து, “புதிய மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம், நீங்கள் அதில் பங்கு கொள்வீர்களா?” என்று கேட்கிறார்கள். அவ்வாறு கேட்கப்படும்போது என்ன விடை சொல்வது, விடை சொல்லுமுன் எவற்றை அறிந்துகொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை எழுதத் தூண்டியது என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம். என் சித்தியின் குடும்பம் மூன்று தலைமுறையாகக் காளஹஸ்தியில் வாழ்ந்து வருகிறது. பொன்முகலி ஆற்றின் கரையில், பஞ்சபூதத் தலங்களுள் வாயுத் தலமாக விளங்கும் அவ்வூரைத் தமிழர் அறிவர். அவ்வட்டாரம் ஒரு காலத்தில் வட ஆர்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1911-ல் சித்தூர் ஜில்லா அமைந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 2022 முதல் ஊர் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைக் கோடுகள் மாறினாலும் வீட்டிற்குள் பேசும் மொழி மாறவில்லை. சித்தி படித்தது தமிழ். அவர் மகள், எனக்குத் தங்கை முறையாகிறவள், படித்ததும் இன்று பள்ளியிற் கற்பிப்பதும் தெலுங்கு. தாய்க்குத் தெலுங்கு எழுத்துத் தெரியாது. மகளுக்குத் தமிழைக் கூட்டித்தான் படிக்க முடியும். பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நிலையும் இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், அவ்விளம்பெண்ணின் இரு கன்னங்களிலும் மூக்கின் மேலுமாகச் செந்தடிப்பு ஒன்று தோன்றியது. வெயிலில் நடந்துவிட்டு வந்தால் அது மிகுந்தது. பின்னர் விரல் மூட்டுகளில் வலி. மாலைதோறும் இலேசான காய்ச்சல். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. தோலில் எது தோன்றினும் சர்ப்ப தோஷம் என்று கருதுவது அப்பகுதியின் வழக்கம். அதிலும் ராகு கேது பூஜைக்குப் பேர்பெற்ற தலத்திலேயே குடியிருப்பவர்கள் வேறெதனை நினைப்பார்கள்? பூஜை நடந்தது. சித்திக்கு மன ஆறுதலும் கிடைத்தது. ஆனால் சில மாதங்களில் கால்கள் வீங்கத் தொடங்கின; சிறுநீர் நுரைத்துப் போயிற்று. அப்போதுதான் வைத்தியரிடம் சென்றார்கள். இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்த வைத்தியர், “இது லூபஸ், சிறுநீரகத்தையும் தொட்டிருக்கிறது” என்றார். தடிப்பு தோன்றிய நாளுக்கும் இந்தச் சொல்லைக் கேட்ட நாளுக்கும் இடையே பதினொரு மாதங்கள் கழிந்திருந்தன.

லூபஸ் என்பது இலத்தீன் சொல். ஓநாய் என்பது அதன் பொருள். முகத்தை ஓநாய் கடித்துக் குதறினாற்போலப் புண்படுத்தும் நோய்களுக்கு ஐரோப்பிய வைத்தியர்கள் முற்காலத்தில் அப்பெயரை இட்டனர். அவற்றுள் ஒன்று தோலில் வரும் க்ஷயம். அதனை ஒளிக்கதிர்களைப் பாய்ச்சிக் குணப்படுத்திய நீல்ஸ் ஃபின்ஸென் என்னும் டென்மார்க் வைத்தியருக்கு 1903-ல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் இங்கே பேசும் லூபஸ் அதுவன்று. இதன் முழுப் பெயர் ஸிஸ்டமிக் லூபஸ் எரிதமடோஸஸ். பெயரில் உறவு இருந்தாலும் இயல்பில் இரண்டும் நேர்மாறானவை. அந்த நோய்க்கு ஒளி மருந்தாயிற்று; இந்த நோய்க்கோ சூரிய வெளிச்சமே தீங்கு செய்யும்.

நம் உடலில் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து புகும் கிருமிகளை இனங்கண்டு அழிப்பது அதன் கடமை. ஊர்க் காவலன் ஒருவன் திருடனையும் வீட்டுக்காரனையும் வேறு பிரித்தறிய மாட்டாமல், வீட்டுக்காரனையே அடிக்கத் தொடங்கினால் என்னவாகும்? லூபஸில் நிகழ்வது அதுதான். உடலின் உயிரணுக்களுக்குள்ளே இருக்கும் பொருள்களையே பகையென்று எண்ணி, அவற்றிற்கு எதிரான பொருள்களை இரத்தம் உண்டாக்குகிறது. தோல், மூட்டு, இரத்தம், நுரையீரலின் உறை, மூளை, சிறுநீரகம் ஆகிய எதுவும் தாக்குண்ணலாம். இந்நோய் காணும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பிள்ளைப்பேற்றுக்குரிய வயதினரே மிகுதி. ஐரோப்பியரைக் காட்டிலும் ஆசியருக்குச் சிறுநீரகத் தாக்கம் அடிக்கடி நேர்கிறது. இது தொற்று நோயன்று. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே பாயில் உறங்குவதாலோ எவருக்கும் வாராது. முன்வினையும் அன்று, நாக சாபமும் அன்று.

இதனை முற்றிலும் ஒழிக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆனால் அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு. 1948-ல் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில் ஹார்கிரேவ்ஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும், லூபஸ் நோயாளிகளிடம் காணப்படும் விசித்திரமான ஒருவகை உயிரணுவைக் கண்டறிந்தனர். நோயை ஆய்வுக்கூடத்தில் இனங்காண அது வழிகாட்டிற்று. அதே காலத்தில் கார்ட்டிஸோன் என்னும் மருந்தும் பயனுக்கு வந்தது. இவற்றுக்கு அப்பால், மலேரியாவுக்கென ஆக்கப்பட்ட மருந்து ஒன்று இந்நோய்க்கும் பயன்படுவதை வைத்தியர்கள் கண்டனர். 1951-ல் லண்டனிலிருந்து பேஜ் என்பவர் அதுபற்றி எழுதினார். அவ்வினத்தைச் சேர்ந்த ஹைட்ராக்ஸிக்ளோரோக்வின் என்னும் மாத்திரைதான் இன்றும் லூபஸ் நோயாளியின் அன்றாட மருந்து. 1955-ல் வெளியான ஒரு கணக்கின்படி, நோய் கண்டறியப்பட்டு நான்கு ஆண்டுகள் சென்றபின் உயிரோடு இருந்தவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைக் கடக்கின்றனர்.

இந்த மாறுதல் தானாக நிகழ்ந்ததன்று. ஒவ்வொரு படியிலும் எங்கோ சில நோயாளிகள், “என் உடலில் சோதித்துப் பாருங்கள்” என்று சம்மதித்திருக்கின்றனர். அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது. சான்றாக 1991-ல் வெளியான கனடா நாட்டு ஆராய்ச்சியைச் சொல்லலாம். ஹைட்ராக்ஸிக்ளோரோக்வின் உட்கொண்டு நோய் அடங்கியிருந்த 47 பேர் அதில் பங்கு கொண்டனர். நோய்தான் அடங்கிவிட்டதே, இனி மாத்திரையை நிறுத்தலாமா என்பது கேள்வி. 25 பேர் மாத்திரையைத் தொடர்ந்தனர். மற்ற 22 பேருக்கு அதே வடிவிலும் நிறத்திலும் மருந்தில்லாத வெறும் மாத்திரை தரப்பட்டது. ஆறு மாதத்தில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 9 பேருக்கு நோய் மீண்டும் தலைதூக்கியது. வெறும் மாத்திரை பெற்றவர்களில் 16 பேருக்குத் தலைதூக்கியது. உடம்பு தேறியபின்னும் மாத்திரையை நிறுத்தாதே என்று இன்று வைத்தியர் கூறுகிறாரே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பவர்கள் இந்த 47 பேர்.

வெறும் மாத்திரை கொடுப்பது ஏமாற்று ஆகாதா என்று சிலர் ஐயுறலாம். புதிய மருந்தை எல்லாருக்குமே கொடுத்துப் பார்த்தால் என்ன என்றும் கேட்கலாம். லூபஸ் தானாகவே ஏறியும் இறங்கியும் வரும் நோய். மருந்தால் இறங்கியதா, தானாக இறங்கியதா என்பதை ஒருவரைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. 2011-ல் வெளியான பெலிமுமாப் என்னும் ஊசி மருந்தின் சோதனை ஒன்றைக் காண்போம். ஆசிய-பசிபிக் நாடுகள், இலத்தீன் அமெரிக்கா, கிழக்கு ஐரோப்பா ஆகிய பகுதிகளில் 865 பேர் அம்மருந்தையோ வெறும் ஊசியையோ பெற்றனர். எல்லாருக்கும் வழக்கமான மருந்துகள் நிறுத்தப்படாமல் தரப்பட்டன. அவற்றுக்கு மேலாகவே இந்த ஊசி. ஓராண்டு முடிவில், புதிய மருந்தை உயர்ந்த அளவில் பெற்றவர்களில் நூற்றுக்கு 58 பேர் முன்னேற்றம் கண்டனர். வெறும் ஊசி பெற்றவர்களிலோ நூற்றுக்கு 44 பேர் முன்னேற்றம் கண்டனர். ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டாம் கூட்டம் இல்லாதிருந்தால், 58 பேரும் மருந்தால்தான் தேறினர் என்று நாம் முடிவு கட்டியிருப்போம். மருந்தின் மெய்யான பங்கு இரண்டுக்கும் இடையேயுள்ள 14 மட்டுமே. அது சிறியதே, ஆயினும் மெய்யானது. அம்மருந்து அவ்வாண்டே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 1955-க்குப் பின் லூபஸுக்கென அங்கு அங்கீகாரம் பெற்ற முதல் புதிய மருந்து அதுவே.

யார் எந்தக் கூட்டத்தில் சேர்வது என்பதை வைத்தியர் தீர்மானிப்பதில்லை. கோயிலில் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்ப்பது போன்ற முறையில் அது தீர்மானிக்கப்படுகிறது. இரக்கத்தாலோ விருப்பத்தாலோ வைத்தியர் ஒருபக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். பெரும்பாலான சோதனைகளில், யாருக்கு எது கிடைக்கிறது என்பது முடியும்வரை நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. உயிருக்கு ஆபத்து நேரும்போது மட்டும் அந்த இரகசியத்தைத் திறந்து பார்க்க வழி வைத்திருப்பர்.

எல்லாச் சோதனையும் புதிய மருந்தைப் பற்றியதாகவே இருக்குமென்று எண்ண வேண்டாம். கையிலுள்ள இரண்டு மருந்துகளில் நம் மக்களுக்கு ஏற்றது எது என்று காண்பதும் ஆராய்ச்சியே. சண்டிகரிலுள்ள முதுநிலை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், லூபஸால் சிறுநீரகம் தாக்குண்ட 100 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்கு ஸைக்ளோபாஸ்பமைட் என்னும் ஊசி குறைந்த அளவில் தரப்பட்டது. மற்றப் பாதியினருக்கு மைக்கோபெனலேட் என்னும் மாத்திரை. நோய் மிகக் கடுமையாக முற்றியவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. ஆறு மாத முடிவில் இரண்டும் ஏறத்தாழ ஒத்த பலனையே தந்தன. மாத்திரை உட்கொண்டவர்களுக்கு வயிற்றுத் தொல்லை மிகுதியாக இருந்தது. அந்த ஊசியோ செலவு குறைந்த பழைய மருந்து. பிற நாட்டில் வேறு மக்களிடம் கண்ட முடிவை அப்படியே ஏற்காமல், நம் நாட்டு நோயாளியின் உடலுக்கும் பைக்கும் எது ஒக்கும் என்று காண்பதற்கு இத்தகைய ஆராய்ச்சி இன்றியமையாதது.

இவ்வகையில் தமிழ் மக்கள் உலகுக்குச் செய்த ஓர் உபகாரத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். 1956-ல் சென்னையில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து அதனை நிறுவின. க்ஷயரோகியை ஸானடோரியத்தில் வைத்து, ஓய்வும் ஊட்டமிக்க உணவும் தந்தால்தான் பிழைப்பான் என்று உலகம் நம்பிய காலம் அது. சென்னையின் நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளைச் சீட்டு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஸானடோரியத்திலும் மறு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. படுக்கை இல்லையே என்று காத்திருந்து மடிய வேண்டிய நிலை அதன்பின் உலகெங்கும் மாறத் தொடங்கியது. தாம் குடிசையில் விழுங்கிய மாத்திரை உலகின் வழக்கத்தையே மாற்றுமென்று அந்நோயாளிகள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு நன்மை உண்டென்றால், கேட்டவுடன் கையெழுத்திட்டுவிடலாமா என்றால், கூடாது. மறுபக்கமும் இருக்கிறது. 2009-ல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி ஒன்று ஆராய்ச்சித் திட்டம் ஒன்றின்கீழ்ப் பள்ளி வயதுச் சிறுமியருக்குப் போடப்பட்டது. குஜராத்திலும் அத்திட்டம் நடந்தது. சில சிறுமியர் இறந்ததை ஒட்டி எழுந்த கூக்குரலால் 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. அம்மரணங்கள் ஊசியால் நிகழ்ந்தன என்று விசாரணைக் குழு கருதவில்லை; அந்தத் தடுப்பூசி இன்று பல நாடுகளில் நற்பயன் தந்து வருகிறது. ஆயினும் சம்மதம் பெற்ற முறையில் பெருங்குறை காணப்பட்டது. பெற்றோர் இட வேண்டிய கையெழுத்தை, விடுதிச் சிறுமியர் பலருக்கு விடுதிக் காப்பாளரே இட்டிருந்தனர். 2013-ல் பாராளுமன்ற நிலைக்குழு இதனைக் கடுமையாகக் கண்டித்தது. மருந்து நல்லதாயிருந்தாலும், கேளாமல் கொடுத்தது குற்றமே. அதனால் இழந்த நம்பிக்கையை மீட்பது எளிதன்று.

இத்தகைய அனுபவங்களின் பின்னர் விதிகள் இறுகின. 2019-ல் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகள் என்பவற்றை மத்திய அரசாங்கம் வெளியிட்டது. அவற்றுள் நாம் அறிய வேண்டியவை சில. மருந்துச் சோதனை ஒவ்வொன்றையும் நெறிமுறைக் குழு ஒன்று ஆய்ந்து அனுமதிக்க வேண்டும். அதில் ஏழு பேருக்குக் குறையாத உறுப்பினர் இருத்தல் வேண்டும். அவர்களுள் பாதிப் பேராவது அந்த வைத்தியசாலையைச் சாராதவர்கள். பெண் ஒருவர், சட்டம் அறிந்தவர் ஒருவர், வைத்தியம் அறியாத பொதுமக்களில் ஒருவர் அதில் இடம்பெறுவர். பங்கு கொள்வது முற்றிலும் நோயாளியின் விருப்பம். இடையில் எப்போது வேண்டுமாயினும் விலகலாம். விலகுவதால் வழக்கமான சிகிச்சை குறையலாகாது. சோதனையின்போது உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சை தர வேண்டும். தீங்கு சோதனையால் விளைந்ததாயின் நஷ்ட ஈடும் உண்டு. வெறும் மாத்திரை தரப்படும் சோதனையாயின், அதற்கு நோய் தீர்க்கும் பலன் இல்லை என்பதை வெளிப்படையாக எழுதிக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவையனைத்தையும் நோயாளிக்கு விளங்கும் மொழியில், தொழில்நுட்பச் சொல் மலியாத எளிய நடையில் எழுதித் தர வேண்டும். படிக்கத் தெரியாதவராயின் நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க, படித்து விளக்க வேண்டும். கையெழுத்தான படிவத்தின் பிரதி ஒன்று நோயாளியிடம் தரப்பட வேண்டும்.

“விளங்கும் மொழியில்” என்னும் அந்த இரண்டு சொற்கள்தாம் எங்கள் குடும்பத்தின் காரியத்தில் குறுக்கிட்டன. காளஹஸ்தியிலிருந்து ரயிலேறிச் சென்று சிகிச்சை பெற்றுவந்த பெரிய வைத்தியசாலை ஒன்றில், என் தங்கையிடம் ஒரு புதிய மருந்தின் சோதனையில் சேர விருப்பமா என்று கேட்டனர். பத்துப் பக்கத்துக்கு மேற்பட்ட விவரத்தாள் ஒன்றைத் தெலுங்கில் கொடுத்தனர். அவள் படித்தாள், ஓரளவு விளங்கிற்று. ஆனால் வீட்டில் முடிவு செய்ய வேண்டியவர்களுள் தாயும் ஒருவர் அல்லவா? அவள் கேட்டதன்பேரில் தமிழ்த்தாளும் கிடைத்தது. சித்தி அதைப் படித்துவிட்டுத் தில்லியிலிருக்கும் எனக்குத் தொலைபேசியில் பேசினார். “இரண்டில் எது கிடைத்தாலும் மருந்துதானாமே! ஒன்று புது மருந்து, ஒன்று மாற்று மருந்து என்று போட்டிருக்கிறது. பிறகு என்னப்பா யோசனை? கையெழுத்துப் போடச் சொல்லிவிடட்டுமா?” என்றார்.

எனக்கு ஐயம் எழுந்தது. தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். மொழிபெயர்ப்பே என் தொழில். அரசாங்கக் கோப்புகளைப் பெயர்த்துப் பெயர்த்துச் சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு நகரும் பழக்கத்தின் தீமையை நானும் அறிவேன். நான் அஞ்சியபடியே இருந்தது. வெறும் மாத்திரையைக் குறிக்கும் சொல்லுக்கு, அத்தாளை ஆக்கியவர் ‘மாற்று மருந்து’ என்று எழுதியிருந்தார். அவர் வஞ்சனையாக எழுதவில்லை. அகராதியில் சரியான சொல் அகப்படாதபோது அண்டையிலிருந்த சொல்லை எடுத்து வைத்துவிட்டார். ஆனால் அந்த ஒரு சொல்லால், மருந்தே கிடைக்காமலும் போகலாம் என்னும் செய்தி அடியோடு மறைந்துவிட்டது. பின்னொரு பக்கத்தில் வெறும் மாத்திரைக்குப் பலனில்லை என்று விதிப்படி எழுதியிருந்தும், அது இந்த மாற்று மருந்தைப் பற்றியது என்று சித்திக்கு எப்படித் தோன்றும்? சித்தி கையெழுத்துக்கு இசைந்திருந்தால் அது சம்மதம் ஆகாது. பிழையின் விளைவே ஆகும்.

நான் விளக்கிச் சொன்னபோது சித்தி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் இவளுக்கு இப்போது கொடுக்கிற மருந்தையும் நிறுத்திவிடுவார்களா?” என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. இல்லை, வழக்கமான மருந்து எல்லாருக்கும் தொடரும் என்று தாளில் தெளிவாக இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். பின்னர்த் தங்கை பேசினாள். “அண்ணா, நான் கேட்க நினைப்பது வேறு. சோதனை நடக்கும் காலம் முழுவதும் கருத்தரிக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. எனக்கு முப்பத்திரண்டு வயதாகிறது” என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

புதிய மருந்து கருவிலுள்ள குழந்தைக்கு என்ன செய்யும் என்பது தெரியாத நிலையில் அந்தத் தடை நியாயமானதே. லூபஸ் உள்ள பெண்கள் தாயாக முடியாது என்பது பழைய எண்ணம். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்து, கருவுக்குத் தீங்கு செய்யும் மைக்கோபெனலேட் போன்ற மருந்துகளை முன்கூட்டியே மாற்றி, ஹைட்ராக்ஸிக்ளோரோக்வின் மாத்திரையை விடாமல், வைத்தியரின் கண்காணிப்பில் இருந்தால் பலர் நலமாகப் பிள்ளை பெறுகின்றனர். ஆனால் சோதனையில் சேர்ந்தால் அந்த முயற்சியைத் தள்ளிப்போட வேண்டும். எது பெரிது என்பதை எந்த விவரத்தாளும் கூற முடியாது. நானும் கூற முடியாது.

அவர்கள் பத்து நாள் அவகாசம் கேட்டனர், கிடைத்தது. ‘மாற்று மருந்து’ என்னும் சொல்லை நாங்கள் சுட்டிக்காட்டியபோது ஆராய்ச்சி வைத்தியர் அதை நன்றியோடு குறித்துக்கொண்டு, நெறிமுறைக் குழுவின் பார்வைக்கு அனுப்புவதாகச் சொன்னார். பதினோராம் நாள் தங்கை சென்று, “மருந்துச் சோதனையில் சேர எனக்கு இயலாது” என்று தெரிவித்தாள். அவர் முகம் சுளிக்கவில்லை. முன்போலவே சிகிச்சை தொடர்ந்தது. அங்கேயே, மருந்து கொடாமல் நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, இரத்த மாதிரியும் நோய்க்குறிப்பும் மட்டும் சேர்க்கும் ஆராய்ச்சி ஒன்றும் நடந்துவந்தது. அதன் தாளையும் கேட்டு வாங்கிப் படித்து, அதில் தன் விருப்பத்தால் சேர்ந்தாள். இவ்வகை ஆராய்ச்சியும் மிகவும் தேவையானதே. லக்னோவிலுள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிலையத்தை முன்னிட்டு, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பொருளுதவியோடு, புதிதாக நோய் கண்ட லூபஸ் நோயாளிகளைப் பல வைத்தியசாலைகளில் தொடர்ந்து கவனிக்கும் பெருமுயற்சி ஒன்று நம் நாட்டில் நடந்து வருகிறது. இந்தியரிடம் இந்நோய் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை இந்தியரிடமிருந்துதானே அறிய முடியும்?

காளஹஸ்தி என்றதும் கண்ணப்ப நாயனாரை நினையாத தமிழர் இல்லை. இறைவன் கண்ணில் குருதி கண்டு தம் கண்ணைப் பெயர்த்து அப்பினார் அவர். அக்கதையில் இரண்டு செய்திகள் நம் பொருளுக்குப் பொருந்துவன. கண்ணைக் கொடு என்று எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை; அவர் தாமே உவந்து கொடுத்தார். மற்றொன்று, இரண்டாவது கண்ணையும் எடுக்க முனைந்தபோது இறைவனே கைநீட்டித் தடுத்தான். கொடுப்பவன் உவந்து கொடுக்க வேண்டும்; பெறுபவன் போதும் என்று தடுக்கவும் அறிந்திருக்க வேண்டும். மருந்துச் சோதனையின் அறமும் இவ்விரண்டுக்குள் அடங்கும். நோயாளியின் சம்மதம் முதலாவது. தீங்கு தோன்றினால் சோதனையை நிறுத்தும் கண்காணிப்பு இரண்டாவது. இரண்டில் ஒன்று இல்லாவிடினும் அது ஆராய்ச்சி ஆகாது.

மும்பையிலோ பெங்களூரிலோ கொல்கத்தாவிலோ தில்லியிலோ வாழும் தமிழன்பர்கள் இத்தகைய அழைப்பைப் பெற்றால், முதலில் தமிழில் தாள் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். அது சலுகையன்று, விளங்கிக்கொள்வது உங்கள் உரிமை. உள்ளூர் மொழியைப் பேசத் தெரிவதும், அதில் எழுதிய பத்துப் பக்கங்களைப் பொருளுணர்ந்து படிப்பதும் ஒன்றல்ல. பிறகு, அந்தச் சோதனையின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய மருந்துச் சோதனைப் பதிவேடு 2007-ல் தொடங்கப்பட்டது. 2009 முதல் மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயம். எவரும் அதைப் பார்க்கலாம். எனக்கு வெறும் மாத்திரை கிடைக்கக் கூடுமா? வழக்கமான மருந்து தொடருமா? எத்தனை முறை வர வேண்டும், வழிச்செலவு யாருடையது? கருத்தரிப்புக்குத் தடை உண்டா? தீங்கு நேர்ந்தால் நள்ளிரவில் யாரை அழைப்பது? சோதனை முடிந்தபின் மருந்து பலன் தந்திருந்தால் அது எனக்குத் தொடர்ந்து கிடைக்குமா? இவற்றுக்கு விடை பெற்று, தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், பெரியவர்களோடு கலந்து பேசி, பின்னர் முடிவு செய்யுங்கள். இன்றே கையெழுத்து வேண்டும் என்று எவரேனும் அவசரப்படுத்தினால், அந்த அவசரத்தையே மறுப்பதற்குக் காரணமாகக் கொள்ளலாம்.

கன்னத்தில் தடிப்பு, ஆறாத மூட்டு வலி, வாய்ப்புண், காரணமறியாக் காய்ச்சல், நுரைக்கும் சிறுநீர் ஆகியவை உங்கள் வீட்டுப் பெண்களிடம் தோன்றினால், பூஜை ஒருபுறம் நடக்கட்டும். அதே வாரத்தில் இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் நடக்கட்டும். எங்கள் வீட்டில் கழிந்த பதினொரு மாதங்கள் இன்னொரு வீட்டில் கழிய வேண்டாம்.

என் தங்கையின் சிறுநீரில் இப்போது நுரை இல்லை. குடையில்லாமல் அவள் வெளியே செல்வதில்லை. மாத்திரையை ஒருநாளும் தவறவிடுவதில்லை. ஆண்டுதோறும் கண் வைத்தியரிடமும் செல்கிறாள், அந்த மாத்திரை நீண்ட நாளில் விழித்திரையைப் பாதிக்கக் கூடும் என்பதால். சென்ற முறை நான் ஊருக்குச் சென்றிருந்தபோது, அந்தத் தமிழ்த்தாளின் திருத்திய பிரதியைச் சித்தி எனக்குக் காட்டினார். வைத்தியர் அதைத் தங்கையிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ‘மாற்று மருந்து’ இருந்த இடத்தில் ‘மருந்து எதுவும் கலவாத வெறும் மாத்திரை’ என்று அச்சாகியிருந்தது. “நம் பெண் சேரவில்லை, இனி வருகிறவளாவது படித்துப் புரிந்துகொண்டு சேரட்டும்” என்றார் சித்தி.